பால்வெட்டுக் கத்தியும் பெருஞ்சாலையும்

ஜொகூர் மாநிலத்துக் குளுவாங் மாவட்டத்தில் அமைந்த சிம்பாங் ரெங்கம், பெயராலேயே தன் பிறப்பைச் சொல்லும் ஊர். மலாய் மொழியில் ‘சிம்பாங்’ என்பது சாலை பிரியும் சந்தியைக் குறிக்கும். ஜொகூர் பாருவிலிருந்து கூலாய் வழியாக ஆயர் ஈத்தாம் நோக்கிச் செல்லும் பழைய பெருஞ்சாலையிலிருந்து, ரெங்கம் புகைவண்டி நிலையத்தை நோக்கி இங்கே ஒரு சாலை கிழக்கே பிரிகின்றது. பிரியுமிடத்தில் கடைகள் தோன்றின. கடைகளைச் சுற்றி ஊர் வளர்ந்தது. 1909ஆம் ஆண்டில் கெமாசிலிருந்து ஜொகூர் பாரு வரையிலான இருப்புப்பாதை நிறைவுற்ற பின்னர், அப்பாதையை ஒட்டிய காடுகள் அழிந்து இரப்பர்த் தோட்டங்களாயின. அத்தோட்டங்களின் லயங்களில் தமிழர் குடியமர்த்தப்பட்டனர்.

தோட்டத்து மண்பாதை பெருஞ்சாலையைத் தொடும் இடம் பார்வைக்கு ஒரு திருப்பமேயன்றி வேறில்லை. ஆயினும் சட்டத்தின் கண்ணுக்கு அஃதோர் எல்லைக்கோடு. எல்லைக்கு உட்புறம் தொழிலாளியின் கையிலிருக்கும் கத்தி அவனது பிழைப்பு. வெளிப்புறம் அதே கத்திக்கு விளக்கம் சொல்லும் கடமை அவனைச் சேர்கின்றது. இக்கோடு எவ்வாறு வரையப்பட்டது, எந்தெந்தக் காலத்தில் எங்கெங்கே நகர்ந்தது என்பதை நோக்குமிடத்து, மலாயாத் தமிழரின் வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஒரு பக்கம் புலனாகும்.

முதலில் கத்தியைப் பற்றிச் சில சொல்ல வேண்டும். இரப்பர் மரம் வெட்டப்படும் மரமன்று, சீவப்படும் மரம். மரப்பட்டையின் உட்பகுதியில் பால்குழாய்கள் உள்ளன. அவற்றுக்கும் உள்ளே மரத்தை வளரச் செய்யும் மெல்லிய வளர்படை உள்ளது. பால்குழாய் அறுபட வேண்டும். வளர்படை தீண்டப்படக் கூடாது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவு மயிரிழை போன்றது. ஒவ்வொரு முறையும் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலான கனத்தில் பட்டையைச் சீவி, இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்த சாய்கோட்டில் கொண்டுவந்து, பாலை மங்கில் இறக்குவது கைதேர்ந்தவர்க்கே இயலும். சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக 1888இல் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் அதே வெட்டுவாயை மீண்டும் மீண்டும் சீவிப் பாலெடுக்கும் முறையை நிலைநாட்டினார். அம்முறையை நடைமுறையில் நிறைவேற்றியவர்களோ ஏட்டில் பெயர் ஏறாத ஆண்களும் பெண்களுமே.

இவ்வேலைக்குரிய கத்தி நுனி வளைந்தது. ‘ஜெபோங்’ எனப்படும் வகை, மரத்தைச் சுற்றித் தன்பால் இழுத்துச் சீவுவதற்கு ஏற்றது. நுனி வளைந்திருப்பதால் குத்துவதற்கு உதவாது. ஆனால் அதன் வாய் சவரக்கத்தியின் கூர்மையுடையது. கூர் மழுங்கினால் பட்டை பிய்யும், பால் குறையும், மரம் காயப்படும். மண்டோரின் வசவும் கூலிப் பிடித்தமும் பின்தொடரும். ஆகவே ஒவ்வொரு நாளும் சாணைக்கல்லில் தீட்டப்பட்ட கத்தியுடனேயே தொழிலாளி புறப்படுவார். பொழுது புலருமுன் குளிர்ந்த வேளையில் பால் நன்றாகச் சுரக்கும் என்பதால், பெரட்டு முடிந்து அவர் காட்டுக்குள் இறங்கும் நேரமும் இருட்டு நேரமே. இருளில், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, தீட்டிய கத்தியோடு தனியே நடக்கும் ஒருவரை அறியாதவர் கண்டால் என்ன எண்ணுவர்? மலாயாவின் தோட்டப்புறங்களில் ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் இக்கோலத்திலேயே நடந்தனர்.

கத்தியை உடன் கொண்டு திரிவது தமிழருக்குப் புதிய வழக்கமும் அன்று. பனையோலை வழங்கிய காலத்தில் ஓலையை வாரவும் நறுக்கவும் கத்தி வேண்டும். எழுத எழுத்தாணி வேண்டும். இரண்டையும் ஒரே பிடிக்குள் மடக்கி வைத்த மடக்கெழுத்தாணி ஊர்க் கணக்கரின் இடுப்பில் இருந்தது. ஆங்கிலேயர் இறகின் முனையைச் சீவ வைத்திருந்த சிறு கத்தியே பின்னாளில் நம் வழக்கில் பேனாக்கத்தி ஆயிற்று. கத்தியும் எழுத்தும் இவ்வாறு இரு நாகரிகங்களிலும் ஒரே பையில் கிடந்தன என்பது தமிழாசிரியர்களுக்குச் சுவை தரும் செய்தியாகலாம்.

இனி, அவசரகாலத்திற்கு வருவோம். 1948 ஜூன் 16ஆம் நாள் பேராக்கின் சுங்கை சிப்புட் பகுதியில் ஐரோப்பியத் தோட்டத்துரைமார் மூவர் கொல்லப்பட்டனர். அடுத்த ஓரிரு நாள்களில் மலாயாக் கூட்டரசு முழுவதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அது 1960 ஜூலை 31 வரை நீடித்தது. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோர் அடையாள அட்டை பெற வேண்டுமென்ற விதி அப்போதுதான் வந்தது. சாலையில் நிறுத்தப்பட்டவர் முதலில் காட்ட வேண்டியது அந்த அட்டையே. ‘உன் கையில் என்ன இருக்கிறது’ என்ற கேள்விக்கு முன்னரே ‘நீ யார்’ என்ற கேள்வி பழக்கத்திற்கு வந்துவிட்டது.

துப்பாக்கியைப் பொறுத்தவரை அவசரகால விதிகள் ஈவிரக்கமற்றவை. உரிமமின்றி வைத்திருத்தல் ஒன்றே மரண தண்டனைக்குப் போதுமானது. எவரையும் சுட்டிருக்க வேண்டியதில்லை. இவ்விதியின் கொடுமையைத் தமிழர் நேரில் கண்டது எஸ். ஏ. கணபதியின் முடிவில். அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக விளங்கிய அவர், சம்மேளனம் 1948இல் தடைப்பட்ட பின் தலைமறைவானார். 1949 மார்ச்சில் ரவாங் வட்டாரத்தில் கைத்துப்பாக்கியுடன் பிடிபட்டார். அம்மாதமே தீர்ப்பு, 1949 மே 4ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கு. இந்திய அரசு உயிர்ப்பிச்சை வேண்டியும் பயன் விளையவில்லை. அத்துப்பாக்கியை ஒப்படைக்கவே அவர் கொண்டு சென்றார் என்று சொல்வாரும் உளர். அதன் உண்மை எதுவாயினும், ஏன் வைத்திருந்தார் என்பதை எடைபோட அவ்விதியில் இடமே இல்லை என்பது இங்கே நினைவிற் கொள்ளத்தக்கது.

கத்தி அந்த விதிக்குள் வரவில்லை. வந்திருந்தால் நாட்டின் முதன்மை ஏற்றுமதிப் பொருள் நின்றுபோயிருக்கும். கொரில்லாக்கள் தோட்டங்களுக்குள் புகுந்து இரப்பர் மரங்களைக் கத்தியால் கொத்திப் பாழாக்கியதும் அக்காலத்தில்தான். மரத்திலிருந்து பாலெடுப்பதும் மரத்தை அழிப்பதும் கத்தியாலேயே நிகழ்ந்தன. அப்படியிருந்தும் தொழிலாளியின் கத்தியைப் பறிக்க எந்த அதிகாரியாலும் இயலவில்லை.

பறிக்கப்பட்டது வேறொன்று. 1950 ஜூன் 1ஆம் நாள் ஜொகூரின் தெற்கிலிருந்து பிரிக்ஸ் திட்டம் நடைமுறைக்கு வந்தது. காட்டோரங்களில் சிதறி வாழ்ந்த சீனர்கள் கம்பிவேலி சூழ்ந்த புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டனர். தோட்டத்து லயங்களும் ஓரிடத்தில் குவிக்கப்பட்டு வேலியிடப்பட்டன. விடியற்காலையில் வேலியின் வாயிலில் தொழிலாளர் வரிசையில் நிற்பர். ஆண்களை ஆண்களும் பெண்களைப் பெண்களும் சோதிப்பர். சைக்கிளின் குழாயும், காண்டா வாளியின் அடிப்பகுதியும், தலைப்பாகையின் மடிப்பும் தப்பவில்லை. தேடப்பட்டது அரிசி. காட்டுக்குள்ளிருப்போர்க்கு உணவு போய்ச் சேரலாகாது என்பதே நோக்கம். உணவுக் கட்டுப்பாடு நிலவிய பகுதிகளில் கடைக்காரர் தகர டப்பாவை விற்கும்போதே துளையிட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. தீட்டிய கத்தி தடையின்றி வாயிலைக் கடந்தது. ஒரு பிடிச் சோறு கடக்கவில்லை. நண்பகல் வரை பசியோடு மரம் சீவியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் நம்மிடையே உள்ளனர். பொருளின் அபாயம் அதன் கூர்மையில் இல்லை, ஆட்சியாளரின் அச்சத்தில் இருக்கின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைத்தல் அரிது.

1958இல் ஜொகூரில் கொரில்லாப் போர் ஓய்ந்தது. தென்பகுதித் தலைவரான ஹோர் லுங் அவ்வாண்டு சரணடைந்தார். அதே 1958இல்தான் இக்கட்டுரைப் பொருளுக்கு அடித்தளமான சட்டம் பிறந்தது. அரிக்கும் பொருள்கள், வெடிபொருள்கள், தாக்கும் ஆயுதங்கள் ஆகியவற்றுக்கான சட்டம் என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். சிங்கப்பூரிலும் இதே பெயரில் இதே ஆண்டில் சட்டம் உண்டு. அமிலத்தை முதலிற் சொல்லும் அப்பெயரே அது எவரை எண்ணி இயற்றப்பட்டது என்பதைக் காட்டிவிடும். காட்டுப்போர் அடங்கும் வேளையில் நகரத்து இரகசியக் கும்பல்கள் ஆட்சியாளரின் கவலையாயின. அமிலம் வீசுதல், வெடி வீசுதல், கத்திக்குத்து ஆகியவையே அக்கும்பல்களின் மொழி.

அச்சட்டத்தின் ஆறாம் பிரிவு சாலையிலோ பொது இடத்திலோ தாக்கும் ஆயுதம் வைத்திருப்பதைக் குற்றமாக்குகின்றது. சட்டத்திற்குட்பட்ட அதிகாரமோ சட்டத்திற்குட்பட்ட நோக்கமோ இருப்பின் குற்றமில்லை. தாக்கும் ஆயுதம் என்பது யாது? தாக்குதலுக்குப் பயன்படுத்தினால் காயம் விளைவிக்கக்கூடிய எக்கருவியும் அதில் அடங்கும். இப்பொருள்விரிவை ஊன்றி நோக்குக. பேனாக்கத்தி, பாக்குவெட்டி, புல்வெட்டும் அரிவாள், செம்பனைக் குலை தள்ளும் உளி என எதுவும் இதற்கு வெளியே நிற்காது. இத்தனை அங்குலத்திற்குக் குறைந்த கத்திக்கு விலக்கு என்ற அளவுகோலும் அப்பிரிவில் இல்லை. விலக்கு முழுவதும் ‘நோக்கம்’ என்ற ஒற்றைச் சொல்லில் அடங்கிக் கிடக்கின்றது. இன்று இப்பிரிவின்கீழ் குற்றம் உறுதியானால் ஐந்தாண்டுக்குக் குறையாத, பத்தாண்டுக்கு மேற்படாத சிறையும் பிரம்படியும் காத்திருக்கின்றன.

பிற நாட்டார் இச்சிக்கலை எவ்வாறு அவிழ்த்தனர் எனக் காண்பது பொருத்தமாகும். இங்கிலாந்தின் 1953ஆம் ஆண்டுக் குற்றத் தடுப்புச் சட்டம், தக்க காரணத்தை மெய்ப்பிக்கும் சுமையை வைத்திருப்பவர் மீதே வெளிப்படையாகச் சுமத்தியது. ஆயினும் அச்சட்டத்தின்கீழ் எழுந்த ஒரு வழக்கு தொழிலாளர்க்கு ஆறுதல் தருவது. இலண்டனில் வேலை முடிந்து கருவிப்பையுடன் வீடு திரும்பிய தச்சர் ஒருவர், சுரங்க இரயில் நிலையத்தில் நேர்ந்த சச்சரவில் பையிலிருந்த சுத்தியலை எடுத்து ஒருவரை அடித்துவிட்டார். 1975இல் நீதிமன்றம், அடித்தது தனிக்குற்றம் என்றும், தொழிலுக்காக எடுத்துச் சென்ற சுத்தியல் அந்த நொடியின் சினத்தால் ‘பொது இடத்தில் ஏந்திச் சென்ற ஆயுதம்’ ஆகிவிடாது என்றும் கூறியது. பின்னர் 1988இல் அந்நாடு மூன்று அங்குலத்திற்கு மேற்படாத வெட்டுவாயுடைய மடக்குக் கத்திக்கு விலக்களித்தது. அதிலும் ஒரு நுணுக்கம் புகுந்தது: விரித்தபின் தாழ்ப்பாளிட்டு நிற்கும் கத்தி மடக்குக் கத்தியாகாது என 1993இல் தீர்ப்பாயிற்று. சட்டைப்பையிலிருக்கும் சிறு கத்தியின் தலைவிதியை ஒரு சிறு தாழ்ப்பாள் முடிவு செய்தது.

இந்தியாவோ வேறு வழி சென்றது. 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் வீட்டுக்கும் வேளாண்மைக்குமென்றே அமைந்த பொருள்களைப் படைக்கலத்தினின்று நீக்கியது. 1962இல் வந்த விதிகள் ஒன்பது அங்குல நீளமும் இரண்டு அங்குல அகலமும் என்று அளவு வகுத்தன. தஞ்சாவூரில் அறுவடைக்குச் செல்லும் உழவன் தன் அரிவாளுக்கு நோக்கம் கற்பிக்க வேண்டியதில்லை. அரிவாளே தன் தொழிலைச் சொல்லிவிடும். அவனுடைய உறவினன் ஜொகூரில் பால்வெட்டுக் கத்தியோடு சாலையில் நடந்தால் கத்தி வாய் திறவாது. அவனே பேச வேண்டும். பேசுவதும் தன் தாய்மொழி அறியாத காவலரிடம், தனக்கு அரைகுறையாக வந்த மொழியில். நாகரிகமான உடையும் தெளிவான பேச்சும் உள்ளவரின் விளக்கம் எளிதில் ஏற்கப்படுவதும், கிழிந்த சட்டைக்காரரின் விளக்கம் நிலையத்துக்கு வந்து சொல்லுமாறு பணிக்கப்படுவதும் எந்த நாட்டிலும் காணக்கூடியதே. கத்தியை அளக்க முழக்கோல் உண்டு. நோக்கத்தை அளக்கக் காவலரின் கண்ணைத் தவிர வேறு கருவி சாலையில் இல்லை.

இந்நிலை தோட்டத்துக்குள் வாழ்ந்தவரை பெரிதாக உறுத்தவில்லை எனலாம். கிராணி அறிவார், மண்டோர் அறிவார், பக்கத்து ஊர்க் காவலரும் அறிந்திருப்பார். அறிமுகமே நோக்கத்திற்குச் சாட்சி. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோதும், இரப்பர் அழிந்து செம்பனை வந்தபோதும், 1969க்குப் பின் குடியுரிமை இல்லாதவர்க்கு வேலை உரிமம் கட்டாயமானபோதும், லயங்கள் காலியாயின. நகரத்தின் ஓரங்களில் குடியேறிய அடுத்த தலைமுறையின் கையில் தொழில் இல்லை; அறிமுகம் சொல்ல மண்டோரும் இல்லை. சிலர் கும்பல்களின் நிழலில் ஒதுங்கினர் என்பதை மறைப்பதால் பயனில்லை. அவர்களது கத்தி மரம் சீவும் கத்தியன்று. ஆனால் கும்பலைச் சேர்ந்தவனையும் சேராதவனையும் பிரித்தறியும் பணி நீதிமன்றத்தில் நடைபெற வேண்டியது.

அப்பணி நீதிமன்றத்தை விட்டு விலகிய கதையில்தான் சிம்பாங் ரெங்கம் நாடறிந்த பெயராயிற்று. 1969 மே 13 கலவரத்தைத் தொடர்ந்து நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டு, பொது ஒழுங்குக்கும் குற்றத் தடுப்புக்குமான அவசரச் சட்டம் பிறந்தது. அதன்படி காவல்துறை ஒருவரை அறுபது நாள்கள் வரை தடுத்து வைக்கலாம். பின்னர் உள்துறை அமைச்சரின் ஆணையால் இரண்டாண்டுகள். முடிந்தபின் மீண்டும் நீட்டிப்பு. வழக்கு இல்லை, சாட்சி இல்லை, கத்தியைக் காட்ட வேண்டியதும் இல்லை. கலவரத்தை அடக்கப் பிறந்த இச்சட்டம் நாற்பதாண்டுகளுக்கு மேல் நிலைத்தது. இதன்கீழ் பிடிபட்டோரையும், 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புக்காவல் சட்டத்தின்கீழ் பிடிபட்டோரையும் அடைத்து வைத்த இடங்களுள் முதன்மையானது சிம்பாங் ரெங்கம் தடுப்பு மையம். ஒழுக்கச் சீரமைப்பு மையம் என்று பொருள்படும் மலாய்ப் பெயர் அதற்கு இடப்பட்டிருந்தது. தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ‘சிம்பாங் ரெங்கம்’ என்பது ஊரின் பெயராக அல்லாமல், மகன் போய்ச் சேர்ந்த இடத்தின் பெயராகவே வழங்கிற்று.

1958ஆம் ஆண்டுச் சட்டம் எத்துணைக் கடுமையாயினும் அதில் ஒரு வாசல் இருந்தது. குற்றஞ்சாட்டப்பட்டவர் நீதிபதி முன் நின்று, ‘இக்கத்தி என் தொழிலுக்கு’ என்று சொல்லலாம். தோட்ட நிருவாகியைச் சாட்சிக்கு அழைக்கலாம். நம்பவைத்தால் விடுதலை பெறலாம். 1969ஆம் ஆண்டுச் சட்டத்தில் அவ்வாசல் அடைபட்டிருந்தது. ஆலோசனைக் குழு ஒன்று இருந்ததே என்பர். இருந்தது, எனினும் குற்றச்சாட்டை முன்வைத்தவர் எவர், அவர் கண்டது யாது என்று குறுக்கு விசாரணை செய்ய இயலாதவன் அக்குழுவின் முன் என்ன விளக்கம் தர முடியும்?

சான்றைத் திரட்டி வழக்காடுவதைவிட ஆணையொன்றில் ஒப்பமிடுவது எளிது. எளிதானதே வழக்கமாகிவிடும். 2005ஆம் ஆண்டில், முன்னாள் தலைமை நீதிபதி முகமது ஜைடின் அப்துல்லா தலைமையிலான காவல்துறை பற்றிய அரச ஆணையம் இவ்வவசரச் சட்டத்தை நீக்குமாறு பரிந்துரைத்தது. அடுத்த ஆண்டில் மனித உரிமைக் கண்காணிப்பகம், சிம்பாங் ரெங்கத்தில் அடைபட்டிருந்தோரின் நிலையை விவரித்துத் தனி அறிக்கையொன்றை வெளியிட்டது. விசாரணைக்கு முன்பே தண்டனை என்ற பொருளில் அதன் தலைப்பு அமைந்திருந்தது.

2011 செப்டம்பரில் அன்றைய பிரதமர் நஜிப் ரசாக் நெருக்கடிநிலை அறிவிப்புகள் மீட்டுக்கொள்ளப்படும் என்றார். நாடாளுமன்றம் அவ்வாண்டின் இறுதியில் அவற்றை நீக்கிற்று. அரசமைப்பின்படி ஆறு மாதம் கழித்து, 2012 ஜூனில், அவசரச் சட்டம் உயிரிழந்தது. ஓராண்டு கடந்ததும், துப்பாக்கிச் சூடுகள் பெருகின என்ற கூக்குரலுக்கிடையே, 1959ஆம் ஆண்டின் குற்றத் தடுப்புச் சட்டம் 2013இல் திருத்தப்பட்டது. இம்முறை அமைச்சருக்குப் பதிலாக ஒரு வாரியம்; தடுப்புக்காவல் மீண்டும் இரண்டாண்டு வரை; நீட்டிப்புக்கும் இடமுண்டு.

சிம்பாங் ரெங்கத்தில் இன்று இருப்பது சிறைச்சாலை. நாட்டின் வடக்கையும் தெற்கையும் இணைக்கும் நெடுஞ்சாலை ஊருக்கு அப்பால் செல்ல, பழைய பெருஞ்சாலையின் போக்குவரத்தில் பெரும்பகுதி அங்கே மாறிவிட்டது. சுற்றிலும் செம்பனையும் அன்னாசியும் பரந்துள்ளன. பால்மரம் சீவுவோர் அருகிவிட்டனர். குலை வெட்டுவோர் நீண்ட கழியின் நுனியில் அரிவாளைப் பொருத்தி, மோட்டார் சைக்கிளில் சாய்த்துக் கட்டிக்கொண்டு அதே சந்தியைக் கடக்கின்றனர். அவர்களுள் பலர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். சாலைத் தடுப்பில் நிறுத்தப்படும்போது அவர்கள் முதலில் எடுத்துக் காட்டுவது கடப்பிதழையே. அரிவாளைப் பற்றிய கேள்வி அதன் பின்னரே வரும்.